நீட்டிப்பு வேறு, புதுப்பிப்பு வேறு

காப்புரிமையை நீட்டிக்க முடியுமா என்று கேட்டு ஒருவர் வந்தார். பத்து வருடக் கட்டண ரசீதுகளைத் துளையிட்டு நூலில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் காலம் நீண்டுகொண்டே போகிறது என்பது அவர் கணக்கு. அவருடைய கண்டுபிடிப்போ ஒரு பம்பு வால்வு.

பொதுவாகக் காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆண்டுக் கட்டணம் கட்டுவது புதுப்பிப்பு; அது அந்த 20 ஆண்டுக்குள் உரிமை சாகாமல் காக்கும், அவ்வளவுதான். வால்வுக்கு நீட்டிப்பு கிடையாது.

அப்படியானால் யாருக்குக் கிடைக்கும்? பெரும்பாலும் மருந்துக்கு. சில நாடுகளில் பூச்சிக்கொல்லி, மருத்துவக் கருவி போன்றவற்றுக்கும் உண்டு. அரசு ஒப்புதல் இல்லாமல் இவற்றை விற்க முடியாது. சோதனையிலும் பரிசீலனையிலும் எட்டு, பத்து ஆண்டு ஓடிவிடும். காப்புரிமைக் கடிகாரம் அதற்காக நிற்காது. அந்த இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுதான் நீட்டிப்பு. இந்தியச் சட்டத்தில் இது இல்லவே இல்லை.

அமெரிக்காவில் 1984-இல் வந்த சட்டம் கறாரானது. அந்தப் பொருளுக்கு அதுவே முதல் விற்பனை அனுமதியாக இருக்க வேண்டும், காப்புரிமை காலாவதியாகி இருக்கக் கூடாது, ஒரு பொருளுக்கு ஒரு காப்புரிமைதான் நீளும். காப்புரிமை கிடைத்த பிறகு நடந்த சோதனைக் காலத்தில் பாதியையும், பரிசீலனைக் காலத்தை முழுதாகவும் கணக்கில் எடுப்பார்கள். நிறுவனம் அசட்டையாக இருந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். உச்ச வரம்பு 5 ஆண்டு. இன்னொரு பூட்டும் உண்டு: ஒப்புதலுக்குப் பின் மொத்தக் காலம் 14 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒப்புதல் நாளில் 12 ஆண்டு மிச்சமிருந்தால், கணக்கு என்ன சொன்னாலும் 2 ஆண்டுதான்.

ஐரோப்பாவில் காப்புரிமையை நீட்டாமல் தனியாக ஒரு துணைச் சான்றிதழ் தருகிறார்கள். காப்புரிமை விண்ணப்பத்துக்கும் முதல் விற்பனை அனுமதிக்கும் இடைப்பட்ட காலத்தில் 5 ஆண்டைக் கழித்தால் வருவதே அதன் ஆயுள். 9 ஆண்டு போயிருந்தால் 4 ஆண்டு கிடைக்கும். அங்கேயும் உச்சம் 5 ஆண்டுதான். குழந்தைகளுக்கான ஆய்வை முறையாகச் செய்து முடித்தால் மேலும் 6 மாதம்.

சரி, இதெல்லாம் கணக்கு. வழுக்குவது, ஒப்புதலுக்குப் பின் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்கும் கெடுவில்தான். அமெரிக்காவில் 60 நாள், ஜப்பானில் 3 மாதம், ஐரோப்பாவில் 6 மாதம். அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த நாளே முதல் நாள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஞ்சியோமாக்ஸ் மருந்துக்கு ஒப்புதல் வந்தது 2000 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, அலுவலக நேரம் முடிந்த பிறகு. நீட்டிப்பு விண்ணப்பம் போனது 2001 பிப்ரவரி 14. எண்ணிப் பார்த்தால் 62-ஆவது நாள். காப்புரிமை அலுவலகம் தள்ளுபடி செய்தது. பல வருட வழக்குக்குப் பிறகு 2010-இல் நீதிமன்றம், நேரம் கடந்து வந்த ஒப்புதலுக்கு அடுத்த வேலை நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றது. திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் 59. மறு ஆண்டே, மாலை 4.30-க்குப் பின் வரும் ஒப்புதல் அடுத்த வேலை நாள் கணக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஒப்புதல் வருமுன்பே காப்புரிமை முடியும்போல இருக்கிறதா? அமெரிக்காவில் இடைக்கால நீட்டிப்பு கேட்கலாம். காலாவதிக்கு 6 மாதம் இருக்கும்போது அந்தக் கதவு திறக்கும். 15 நாள் இருக்கும்போது மூடிவிடும்.