வலிக்காத கால்: டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் கண்டறிந்தது

"வலியே இல்லை டாக்டரம்மா, அதனாலதான் கவனிக்கலை." சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்ப்பதே வேலையாக இருக்கும் எனக்கு, அதிகம் கேட்டுப் பழகிய பேச்சு இதுதான். பெருவிரலுக்கு அடியில் ஆழமாகக் குழி விழுந்திருக்கும். சொல்பவர் கொஞ்சமும் நொண்டாமல் நடந்தே வந்திருப்பார். போன மாதம் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரின் ஹவாய் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஏறிய சின்ன ஆணி ஒன்று, பாதம் படும் பக்கத்தில் நுனியை நீட்டிக்கொண்டிருந்தது. அது எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தக் கறையைப் பார்த்துப் பதறிய அவர் மனைவிதான் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"சுகர் வந்தால் கால் அழுகத்தான் செய்யும்" என்று பலர் தலையெழுத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் இன்னும் சிரமம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் புண் முதலில் ஏன் வந்தது, வந்த பிறகும் அவர் ஏன் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தார்? இதற்கான பதில் சர்க்கரை நோய் ஆராய்ச்சியிலிருந்து வரவில்லை. தொழுநோயாளிகளின் கைகால்களை வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த ஒரு மருத்துவப் பேராசிரியரிடமிருந்து வந்தது. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு அவர் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின் இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே இருந்தபோதே, 1929-ல், மலைக்காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். பால் முதலில் கற்றது கட்டட வேலையும் தச்சு வேலையும். அப்புறம்தான் லண்டனில் மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணரானார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அப்போது ஆசிரியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். ராபர்ட் காக்ரேன் அழைக்க, 1946 கடைசியில் அறுவை சிகிச்சை கற்பிக்க வந்து சேர்ந்தார்.

காக்ரேன் தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்ட ஒருநாள் பிராண்டை அழைத்துப் போனார். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, பறவையின் கால் போலாகிவிட்ட ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்துவிட்டது. செத்துப்போன கை என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இவ்வளவு பலம் என்றால், சில தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? இந்தக் கைகளை ஆராய்ந்த எலும்பு அறுவை மருத்துவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தது அலுப்பூட்டும் வேலை, அதனாலேயே எனக்கு அவர் மீது மதிப்பு அதிகம். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, தோலுக்கு வெகு அருகில் நரம்பு ஓடும் இடங்களில், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் பக்கங்களில், நரம்பு வீங்கியிருப்பது தெரிந்தது. உடலில் குளிர்ச்சியான இடங்கள் அவை. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். ஆக, பாதிப்பு கண்டபடி பரவுவதில்லை, ஒரு ஒழுங்கோடு வருகிறது. எந்தத் தசைகள் தப்பிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அவற்றின் தசைநாண்களை எடுத்துச் செயலிழந்த விரல்களோடு இணைக்கலாம். 1940-களின் இறுதியில் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் அறுவை முடிந்து போனவர்களுக்குப் பழையபடி விரலில் புண் வந்தது. அவர்கள் தங்கிப் பிழைப்பு கற்க, கல்லூரி வளாகத்திலேயே 1950-களின் தொடக்கத்தில் புதுவாழ்வு மையம் என்று சில குடிசைகள் போட்டார்கள். யாருக்குப் புண் வந்தாலும் அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கே வைத்துக்கொண்டார்கள். தேடத் தேடக் காரணங்கள் கிடைத்தன. அடுப்பிலிருந்து வெறும் கையால் இறக்கிய பாத்திரம், பிடி சரியில்லாத சுத்தியல், இறுகிய பூட்டில் முழுப் பலத்தோடு திருப்பிய சாவி. சிலருக்கு இரவில் இருந்த சதை காலையில் காணவில்லை. விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, தூங்குகிறவர் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையக்கூட இல்லை. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் விழுகிறது என்று உலகமே அதுவரை நம்பியிருந்தது. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை, வலி தெரியாதவர் தன்னை அறியாமல் காயப்படுத்திக்கொண்டே இருக்கிறார் என்பது வேலூரில் தெளிவானது. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அந்த இடத்தில் அழுத்தம் விழாமல் செய்தபோது, ஆறாது என்று கைவிட்ட புண்கள் ஆறின. சதையில் குறையே இல்லை.

செருப்புக்காக அவர்கள் பட்ட பாடு தனி. மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றைப் பார்த்து, நுண்துளை ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று கடைகளில் "சுகர் செருப்பு" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புக்கு வேலூருடனும், பக்கத்தில் 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துடனும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் எலிகளின் பாதத்தில், நடக்கும்போது விழும் அளவுக்கு மிதமான அழுத்தத்தையே நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் வீக்கமும் சூடும் வந்து, கடைசியில் புண்ணே வந்துவிட்டது. ஆணி ஏறத் தேவையில்லை, சாதாரண நடையே போதும். உங்களுக்கும் எனக்கும் ஒரு இடம் வலிக்கத் தொடங்கினால் நம்மை அறியாமல் காலை மாற்றி ஊன்றுவோம். உணர்ச்சியற்ற பாதம் மாற்றி ஊன்றாது. சர்க்கரை நோயாளிகளின் புண்ணும் இதே வகைதான் என்று அவர் வற்புறுத்திச் சொன்னார். என் மேஜையில் இருக்கும், பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழைகூட அந்த வழியில் வந்ததுதான். பாதுகாப்புக்கு வேண்டிய உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்தப் பத்து கிராமை எல்லையாக வைக்கலாம் என்று 1986-ல் எழுதியவர்கள் கார்வில் ஆய்வாளர்கள்.

சோதனை மிக எளிது. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். இழை வளையும் வரை விரல் நுனியிலும் பாதத்திலும் தொடுவோம், தெரிந்தால் "ஆமா" என்பார். அந்தக் கண்டக்டருக்கும் செய்தேன். நான் நாலைந்து இடம் தொட்டு முடித்த பிறகும், "ஆரம்பிங்கம்மா" என்று காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். அவர்களில் எத்தனை பேரின் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மருத்துவர் பார்த்திருப்பார்? நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்து, மாத்திரை எழுதி, அடுத்தவரைக் கூப்பிடவே நேரம் சரியாக இருக்கிறது. அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் மாணவர்களுக்கு நாம் இதைப் பழக்கியே ஆக வேண்டும். கால்மேல் கத்தி வைப்பதைக் கற்றுத்தரும் கல்லூரி, காலைக் குனிந்து பார்ப்பதையும் அதே கண்டிப்போடு கற்றுத்தர வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தினமும் படுக்கும் முன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம், அதில் கூச்சம் வேண்டாம். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே புண் கிளம்பப் பார்க்கிறது, நடையைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். செருப்பைப் போடும் முன் கையை விட்டுத் தடவுங்கள். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோய் வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படித்தான். அம்மனுக்கு வேண்டுதல் என்றால் விடியற்காலையில் போங்கள்.

உடம்பில் எங்காவது வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்துவிட்டது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். நரம்பு கெடும் முன்பு ஆரம்பித்தால் கைகால் ஊனத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

சர்க்கரைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வருடத்தில் ஒரு தடவையாவது அவர் கேட்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். "காலையும் பார்த்துடுங்க டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.