திருகோணமலையில் பகல் ஒன்றரை, உடம்பில் விடியப்புறம் நாலு

ரொறன்ரோவில் தம்பி வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் திருகோணமலைக்குத் திரும்பினேன். திங்கட்கிழமை 8:30க்குக் கந்தோர். பத்து மணிக்கு ஒரே கடிதத்தை நாலு தரம் வாசித்தும் மண்டையில் ஏறவில்லை. "என்ன அண்ணை, ஆள் வந்திட்டியள், மனசு இன்னும் கனடாவிலயோ?" என்று பக்கத்து மேசைத் தங்கச்சி பகிடி விட்டாள். மனசு வந்துவிட்டது. வராமல் நின்றது உடம்புதான்.

மூளையின் அடியில், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் திரண்ட இரண்டு சிறு முடிச்சுகள் இருக்கின்றன. நித்திரை, உடற்சூடு, ஹோர்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் நேரம் சொல்லும் உடற்கடிகாரம் அவைதான். ஒவ்வொரு கலத்திலும் ஒரு மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது சேர்ந்து பெருகியதும் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கிவிடுகிறது. புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு சுற்று, ஏறத்தாழ ஒரு நாள். பழ ஈக்களில் இதை அவிழ்த்துக் காட்டிய ஹோல், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வளவுகளில் கிடக்கிற தொட்டாச்சுருங்கியிடமும் இப்படியொரு கடிகாரம் உண்டு. இருட்டில் வைத்தாலும் அது நேரத்துக்கு இலை விரிப்பதை 1729இலேயே பிரெஞ்சுக்காரரான தெ மெய்ரான் எழுதி வைத்தார்.

மனிதக் கடிகாரத்தின் சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூட. பிந்திப் படுப்பது அதற்கு இயல்பு, முந்திப் படுப்பது பாடு. மேற்கே போகும்போது அவ்வளவாகத் தெரியாத களைப்பு கிழக்கே திரும்பும்போது ஆளை விழுத்துவது இதனால்தான்.

இந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது வெளிச்சம். விழித்திரையில் நீல ஒளிக்கென்றே தனிக் கலங்கள் இருந்து அதற்குச் சேதி அனுப்புகின்றன. ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதில்தான் சூட்சுமம். வழமையாக எழும்புவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னால் உடற்சூடு ஆகக் குறைந்த புள்ளிக்கு இறங்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளும், நித்திரை பிந்தும். அதற்குப் பின் படுவது முன்னிழுக்கும், நித்திரை முந்தும்.

எனக்கு ரொறன்ரோவில் அந்தப் புள்ளி விடியப்புறம் நாலு மணி. கோடையில் இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். ஆகவே இங்கே அது பகல் 1:30. "காலமை வெயிலில நட, சரியாப் போகும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் டச்சுக் குடாக் கரையில் போய், கடலுக்குள்ளிருந்து எழும்பும் சூரியனுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு நடந்தேன். முன்னே இழுக்க வேண்டிய கடிகாரத்தை நானே கனடாப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்!

லண்டனிலிருந்து வருபவருக்கு இதே கணக்கு கோடையில் காலை 8:30இல் வந்து நிற்கும். அவர் அதுவரை வெயிலைத் தவிர்த்தால் போதும். மேற்கு நோக்கி வருகிற சிட்னிக்காரருக்கு எல்லாம் மறுபக்கம். அவருக்கு அந்தியில் கடற்கரை நல்லது.

மூன்றாம் நாளிலிருந்து பகல் ஒன்றரை வரை கறுப்புக் கண்ணாடி, இரண்டு மணிக்குப் பிறகு வெளியே. கந்தோர் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ், வெளியில் பல்லாயிரம். ஜன்னலோரம் இருந்து சமாளிக்க ஏலாது. கிழக்கே வந்த கடிகாரம் நாளுக்கு ஒரு மணித்தியாலமளவில்தான் நகரும் என்பதால், வெயிலுக்குப் போகும் நேரத்தையும் ஒவ்வொரு மணித்தியாலமாக முந்தவைத்தேன். உடற்சூடு தாழும் நேரத்தில் கவனமும் தாழும். அந்த வாரம் கணக்குப் புத்தகங்களை மூன்றரைக்குப் பிறகுதான் தொட்டேன், மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டேன்.

ஈரலுக்கும் குடலுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் பார்க்கும். இரவு இரண்டு மணிக்கு வயிறு சோறு கேட்டது. கொடுக்கவில்லை. நாலு மணிப் பிளேன்ரியும் நின்றது: குடித்த கஃபீனில் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற இரண்டு மணிக்கு, நிழலை விட்டு வேண்டுமென்றே வெயிலில் போய் நின்ற என்னைக் கந்தோர்க் காவலாளி ஒரு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கச்சியிடம் கேட்டாராம்: "ஐயாவுக்குக் கனடாவில அவ்வளவு குளிரோ?"