இனத்துட் போட்டி, இனத்திடைப் போட்டி

சூழலியலில் போட்டி என்றால் சண்டை அல்ல. பல உயிர்களுக்கு ஒரே வளம் வேண்டும், எல்லாவற்றுக்கும் அது போதாது. ஒன்று எடுத்தால் மற்றதற்குக் குறையும். அவ்வளவுதான். ஒன்றையொன்று காணாமலே கூடப் போட்டி நடக்கலாம்.

கொம்பெட்டிசன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கொம்’ என்றால் உடன், ‘பெத்தெரே’ என்றால் நாடுதல். ஒன்றையே சேர்ந்து நாடுவது. சூழலியல் கருதும் பொருளும் கிட்டத்தட்ட இதுதான்.

இலங்கையின் வன்னியில் காலபோக (மாரிக்கால) நெல்வயலில் இறங்கினால் போட்டியின் இரண்டு வகையும் தெரியும். விதைநெல் அடர்த்தியாக விழுந்த இடத்தில் பயிர் மெலிந்து உயரும், மட்டம் (அடியிலிருந்து வரும் பக்கக் கிளை) குறைவாக வெடிக்கும், கதிரும் சிறுக்கும். அங்கே நெல்லுக்கு நெல்லே போட்டி. பசளை, வெளிச்சம், வேரோட இடம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரித் தேவைப்படுவதால் பெரும்பாலும் இதுதான் கடுமையானது. இது இனத்துட் போட்டி.

நெற்சப்பி, கோரை ஆகிய களைகள் எழுந்து அதே பசளையை உறிஞ்சினால் அது இனத்திடைப் போட்டி. இளம் நெற்சப்பி அச்சு அசலாக நெல்லைப் போலவே இருக்கும். இலை தண்டை விட்டு விரியும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள்: நெல்லில் மெல்லிய சவ்வு ஒன்று நிற்கும், சப்பியில் இராது.

ரஷ்ய உயிரியலாளர் கோஸ், 1934இல் வெளியிட்ட ஆய்வில் பரமேசியம் என்ற ஒருகல உயிரின் இரண்டு இனங்களை ஒன்றாக வளர்த்தார். தனித்தனியே நன்றாகப் பெருகியவைதான். சேர்ந்திருந்தபோது ஒன்று அற்றுப்போனது. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. இரணைமடுக் குளத்தில் கொக்கு கரையோரம் நின்று கொத்தும், நீர்க்காகம் மூழ்கிப் பிடிக்கும். இரண்டுக்கும் மீன்தான் இரை, பிடிக்கும் இடம் வேறு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நமது பாடநூல்கள் இனம் என்பதைத் தமிழ்நாட்டில் சிற்றினம் என்பார்கள்; அங்கத்தைய கட்டுரைகளை வாசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். இன்டர் (இடை), இன்ட்ரா (உள்) என்று ஆங்கில முன்னொட்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுவார்கள். உள், இடை என்றால் குழப்பமே இல்லை. ஆகவே இந்த இரண்டு சொற்களையே நான் விரும்புகிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பன்றிநெல் விவசாயிக்குப் பெரிய களை. அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து அடுத்த போகத்திலும் முளைக்கும். ஆனால் வகைப்பாட்டில் அதைப் பொதுவாக நெல்லின் இனத்திலேயே சேர்க்கிறார்கள். களைதானே என்று இனத்திடைப் போட்டியில் போட்டால் பிழை. அது இனத்துட் போட்டி. பயிரை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லும் களைநாசினி கிடைப்பது அரிது என்பதற்கும் இந்த உறவுதான் காரணம்.