ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துக் கேட்டால்: நோயாளிக்குச் சட்டம் தரும் உரிமைகள்

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவரிடம் மூன்று விதமான தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். ஒன்று, ஆபரேஷனுக்கோ மயக்க மருந்துக்கோ தரும் சம்மதம். இரண்டாவது, ஏதாவது ஓர் ஆராய்ச்சியில் சேரச் சம்மதம். மூன்றாவது, நோய் அபூர்வமானதாக இருந்தால் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதவும் படம் வெளியிடவும் சம்மதம். பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பல நேரம் ஒரே டாக்டர்தான் மூன்றையும் கொண்டுவருவார்.

முதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஆபரேஷன் நடக்காது. மற்ற இரண்டிலும் போடவில்லை என்றால் உங்கள் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான், "மறுத்தால் சரியாகப் பார்க்க மாட்டார்களோ" என்ற பயத்தில் ஏழை ஜனங்கள் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019 என்ற மத்திய அரசு விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. அந்த ஆண்டு மார்ச் 19 அன்று வெளியான இந்த விதிகள் அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் பொருந்தும்.

ஆராய்ச்சி என்றாலே ஒதுங்கிவிடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். பாதிப் பேரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தே குணமாக முடியும் என்று தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அண்மையில் வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ என்ற நோய் உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. அடிக்கடி ரத்தக்கசிவால் அவதிப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்குப் பிறகு கசிவு நின்றிருந்தது. இப்படி ஒரு முன்னேற்றம் வர வேண்டுமென்றால் யாராவது முதலில் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சம்மதிப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று தெரிந்து சம்மதிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால்

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிப்பதைத்தான் இந்த விதிகள் மருத்துவப் பரிசோதனை என்கின்றன. ஆஸ்பத்திரி வழக்கில் சொன்னால் கிளினிக்கல் ட்ரையல். இதில் சேர்க்கும் முன் நோயாளிக்குத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி, இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள் என்று விரல் காட்டுவது சம்மதம் பெறுவதாகாது. தமிழ்த் தாள் கேளுங்கள். அந்தத் தமிழ்த் தாளையும் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும்.

இது ஆராய்ச்சி என்பதும், எத்தனை நாள் நடக்கும், என்னென்ன பரிசோதனை, என்ன ஆபத்து, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்பதும் தகவல் தாளில் இருந்தே தீர வேண்டும். சோதிக்கும் மருந்து பலன் தராமலே போகலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு நோயைத் தீர்க்கும் சக்தி கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பு வராது என்ற வரியையும் தேடிப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், படித்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். யோசிக்க நேரம் தருவது சம்மதம் பெறும் முறையின் ஒரு பகுதி.

படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது செல்லாது. எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருப்பவர்களை, இதுவரை எங்கும் அனுமதி பெறாத புத்தம்புது மருந்தின் ஆய்வில் சேர்க்கும்போது, சம்மதம் பெறும் உரையாடலையே வீடியோவில் பதிவு செய்து வைக்க வேண்டும். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்து ஆய்வுகளில் முகம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகக் குரல் பதிவு மட்டும் போதும்.

குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி 7 வயது முதல் 12 வரை உள்ள பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் விருப்பம் கேட்க வேண்டும்.

படிவத்தில் உங்கள் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். பலரும் அவற்றைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம். நிரப்பிய சம்மதப் படிவத்தின் ஒரு நகலும் தகவல் தாளும் உங்கள் கைக்கு வர வேண்டும். கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி

ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற ஆய்வை ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்து ஒப்புதல் தந்துகொள்ள முடியாது. நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். தலைவரும் வெளியாள். ஒரு வழக்கறிஞர், மருத்துவத்துறை சாராத பொதுமனிதர் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். தகவல் தாளில் இந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கும். ஆய்வு டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம்.

ஆய்வு உண்மையிலேயே பதிவானதா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு என்ற சி.டி.ஆர்.ஐ. தளம் 2007 முதல் இயங்குகிறது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் போனிலேயே இலவசமாகத் தேடிப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஏதாவது ஆகிவிட்டால்

2013-க்கு முன்பு இழப்பீடு என்பது பெரும்பாலும் கம்பெனியின் மனசைப் பொறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் மருந்து ஆய்வுகள் பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 2013 ஜனவரி 30 அன்று இழப்பீட்டை விதியாகவே கொண்டுவந்தார்கள். 2019 விதிகள் அதை விரிவாக்கின.

ஆய்வின்போது உடலுக்கு எந்தத் தீங்கு வந்தாலும், அது ஆய்வால் வரவில்லை என்று நிரூபணமாகும் வரை அல்லது தேவை தீரும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, ஆய்வை நடத்தும் ஸ்பான்சர் இலவச மருத்துவம் தர வேண்டும். "முதலில் செலவு செய்யுங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. தீங்கு ஆய்வால் வந்ததுதான் என்றால் இழப்பீடும் உண்டு. மருந்தின் பக்கவிளைவு மட்டும் இதில் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையால் வந்த கேடு, ஆய்வுத் திட்டத்தை மீறியதால் வந்த கேடு, வெற்று மாத்திரைப் பிரிவில் போட்டுத் தர வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராததால் வந்த கேடு, பெற்றோர் ஆய்வில் இருந்ததால் வயிற்றுப் பிள்ளைக்கு வந்த கேடு எல்லாமே அடங்கும்.

மரணம் நேர்ந்தால் தொகையைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுப்பார்கள். வயது எண் 16 வயது வரை 228.54; 65 வயதிலும் அதற்கு மேலும் 99.37. தீவிர எண் ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கு 0.5, ஆரோக்கியமானவருக்கு 4. ஆக, 65 வயதில், முற்றிய நோயோடு ஆய்வில் சேர்ந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் கிடைக்கும். ஆரோக்கியமான 16 வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 73.6 லட்சம். முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நிலையில் சேர்ந்தவருக்கு மட்டும் தொகை 2 லட்சம். சாகும் தறுவாயில் இருப்பவரின் உயிருக்கு விலை குறைத்துப் போட்டது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விதி இதுதான், தெரிந்துகொண்டு சேருவது நல்லது. உயிர் பிழைத்து முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டால், மரணத்துக்கான தொகையில் 90 சதவீதம்.

கெடு நாட்களும் உண்டு. கடுமையான தீங்கு நேர்ந்தால் ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து உரிம அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். விரிவான அறிக்கை 14 நாளில். மரணம் என்றால் நெறிமுறைக் குழு தன் கருத்தை 30 நாளில் அனுப்ப வேண்டும், அதிகாரி 90 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். உத்தரவு வந்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் தர வேண்டும். டாக்டர் தன் பையிலிருந்து தருவதில்லை என்பதால், அவரோடு சண்டை போடுவதைவிட, அறிக்கை போய்விட்டதா என்று எழுத்தில் கேட்பதுதான் பலன் தரும். புகார் சொல்ல மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

பி.ஜி. மாணவரின் தீசிஸ்

அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகள் அதிகம் சந்திப்பது கம்பெனி மருந்து ஆய்வை அல்ல, மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வைத்தான். கொஞ்சம் கூடுதலாக ரத்தம் எடுப்பார்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள். இதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் சம்மதமும் வேண்டும். வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லாமல் ஆய்வுக்காக மட்டுமே செய்யும் ஸ்கேன், பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்கிறது 2017 வழிகாட்டுதல். வெளியே லேபில் எடுத்து வாருங்கள் என்றால், இது என் நோய்க்காகவா, உங்கள் ஆய்வுக்காகவா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

அபூர்வமான கேஸ் என்று எழுதினால்

1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சக மருத்துவர்களும் எந்த வகையிலும் அடங்காத ஒரு ரத்தத்தைக் கண்டு மருத்துவ இதழில் சிறு குறிப்பு எழுதினார்கள். இன்றும் அது பம்பாய் ரத்த வகை என்றே உலகெங்கும் அறியப்படுகிறது. அந்த வகைக்காரருக்கு ஓ குரூப் ரத்தம்கூடச் சேராது என்பது அந்தக் குறிப்பு இல்லாமல் தெரிந்திருக்காது. ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்த ஒற்றை நோயாளியைப் பற்றி எழுதுவது எங்கோ இருக்கும் இன்னொரு நோயாளியைக் காப்பாற்றும். அதனால் இதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

ஆனால் டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளி யாரென்று தெரியும்படி படத்தையோ கேஸ் விவரத்தையோ அவர் அனுமதியின்றி எந்த இதழிலும் வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியாது என்றால் அனுமதி தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. இங்கேதான் சிக்கல். அபூர்வ நோயில் பெயரை மறைத்தாலும் அடையாளம் மறையாது. வயது, ஊர், தொழில், ஆஸ்பத்திரி நான்கையும் எழுதிவிட்டால் சொந்தபந்தம் கண்டுபிடித்துவிடும். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்த முகத்தைத் தெருக்காரர் எவரும் அடையாளம் சொல்வார். ஆகவே, இதழுக்கு அனுப்பும் முன் காட்டுங்கள், ஊர்ப் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம் என்று நிபந்தனை வைத்துச் சம்மதிக்கலாம். வார்டில் போனில் எடுக்கும் படம் எங்கே போகும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அதே விதிமுறைகளில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அபூர்வ நோய்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டிய நிலை வராது.

மருந்துக்காக மட்டும் ஆய்வில் சேருபவர்களுக்கு

அபூர்வ நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் பலர், மருந்து வாங்க வேறு வழியே இல்லை என்பதால்தான் ஆய்வில் சேர்க்கிறார்கள். அவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, ஆய்வு முடிந்த பிறகும் மருந்து தொடர்ந்து கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வேறு சிகிச்சையே இல்லாத நோயாக இருந்து, ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் ஸ்பான்சர் அந்த மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வரும் பாதிப்புக்கு ஸ்பான்சர் பொறுப்பில்லை. சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், முடியும்போது கேட்டால் தாமதம்.

இரண்டாவது, ஆய்வுக்கு வெளியே ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தேசிய அபூர்வ நோய்கள் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவுகிறது. தொடக்கத்தில் 20 லட்சம் என்றிருந்ததை 2022-இல் உயர்த்தினார்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராது. சிகிச்சை தரும் உயர்சிறப்பு மையத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. கேரள எல்லையோர மாவட்டத்தவருக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை பக்கம். உடலில் ஒரு நொதி (என்சைம்) குறைவதால் வரும் காஷே (Gaucher), பாம்பே (Pompe) போன்ற பரம்பரை நோய்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டும் என்பதால் இந்த 50 லட்சம் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. பெற்றோர்கள் நீதிமன்றப் படியேறி நிற்பதற்கு அதுதான் காரணம். இருந்தாலும் பெயரைப் பதிவு செய்யாமல் எதுவும் நகராது. மரபணுப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, பிள்ளையின் ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இப்போது பார்க்கும் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கிப் போங்கள்.