சிற்றினம்: சுறாவுக்கும் சிலந்திக்கும் ‘இனம்’ மட்டும் போதாது

‘புலிச்சுறா இனம், புலிச்சிலந்தி இனம்: எது ஆபத்தானது?’ என்ற பாணியில் தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எது ஆபத்து என்பது இருக்கட்டும். உயிரின வகைப்பாட்டில் இரண்டும் ஒரே படியில் நிற்பவையே அல்ல. புலிச்சுறா (கேலியோசெர்டோ குவியர்) ஒரே ஒரு சிற்றினம் (ஸ்பீசிஸ்). அதன் பேரினத்தில் (ஜீனஸ்; நெருங்கிய சிற்றினங்களை அடக்கிய மேற்படி) இன்று உயிரோடிருப்பது அது மட்டும்தான். புலிச்சிலந்தி என்பதோ பெசிலோதீரியா என்ற பேரினம் முழுவதற்குமான பெயர். இந்தியாவிலும் இலங்கையிலுமாக அதில் பத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு.

‘ஸ்பீசிஸ்’ லத்தீன் சொல். பார்த்தல் என்ற வினையடியில் பிறந்து தோற்றம், வகை என்று பொருள்பட்டது. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயரை (முதலில் பேரினப் பெயர், அடுத்துச் சிற்றினப் பெயர்) நிலைநிறுத்தினார்.

‘இனம் என்றாலே போதுமே, சிறுமை எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் இனம் எந்தப் படிக்கும் நீளும் சொல். வெண்டாமரை இருப்பதால் செந்தாமரையில் வரும் ‘செம்மை’ நன்னூலாருக்கு இனமுள்ள அடை, அதாவது வேறு வகையும் உண்டு என்று காட்டும் அடைமொழி. மீனினம், மாட்டினம், மனித இனம் எல்லாமே நமக்கு இனம்தான். இலங்கைப் பாடநூல்கள் பேரினத்தைச் சாதி என்றும் சிற்றினத்தை இனம் என்றும் சொல்கின்றன. இணையாக வரும்போது அதில் குழப்பமில்லை. நம்மவர்கள் சாதியை விட்டுவிட்டு இனத்தை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் வினை. சிற்றினம் என்றால் குறளில் கீழோர் கூட்டமாயிற்றே என்பது இன்னொரு மறுப்பு. ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தைப் படிப்பவர் யாரும் அங்கே சுறாவைத் தேடப்போவதில்லை!

சொல் தவறினால் செய்தியும் தவறும். ஆந்திராவின் குத்தி என்ற ஊரில் முதலில் கண்டெடுக்கப்பட்ட நீலநிறப் பெசிலோதீரியா மெட்டாலிக்கா மிக அருகிய சிற்றினம். ‘அருகிவரும் புலிச்சிலந்தி இனம்’ என்று எழுதினால் பேரினம் முழுதும் அந்த நிலையில் இருப்பதாகப் படும். ஆனால் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பிற்சேர்க்கையில் சேர்ந்தது பேரினம் முழுதும். அங்கே ‘சிலந்தி இனம்’ என்றால் ஒரே சிலந்திக்குக் கட்டுப்பாடு என்று ஆகிவிடும்.

மூலத்தில் இரட்டைப் பெயர் இருந்தால் சிற்றினம். முதற்பெயர் மட்டும் என்றால் பேரினம். அதன்பின் ‘எஸ்பிபி’ (spp.; பாடகர் அல்லர்) என்று நின்றால் ‘அப்பேரினத்தின் சிற்றினங்கள்’. விலங்குப் பெயர் ‘இடே’ (-idae) என முடிந்தால் பேரினத்துக்கும் மேற்படியான குடும்பம். இவ்வளவையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அதற்கும் நேரமில்லாத மொழிபெயர்ப்பாளர்தான் எட்டுக்கால் சிலந்தியைப் ‘பூச்சியினம்’ என்றும் எழுதுகிறார்.