பலூன் எங்கே வெடிக்கும் என்பது தரையிலேயே முடிவாகிவிடுகிறது

மாணவர்கள் விடும் உயரப் பலூன் என்றதும் கறுத்த வானமும் லேசாக வளைந்த தொடுவானமும் தெரியும் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அழகான படம்தான். ஆனால் இந்தத் திட்டத்தின் சுவையான இயற்பியல் பலூன் கையை விட்டுப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உள்ளே எவ்வளவு வாயு அடைப்பது என்ற ஒரு முடிவைப் பொறுத்துத்தான் ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், பலூன் சுமந்து போகும் கருவிப் பெட்டி வந்து விழும் இடம் மூன்றும் அமைகின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தரை மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.22 கிலோ. அதே அளவு ஹீலியம் 0.17 கிலோ. வித்தியாசமான 1.05 கிலோதான் ஒரு கன மீட்டர் ஹீலியத்தால் தூக்க முடிந்த எடை. ஹைட்ரஜன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். ஆனால் தீப்பற்றும் வாயு என்பதால் மாணவர் கூட்டத்துக்கு நடுவே அதைக் கையாள வேண்டாம் என்பதே என் கருத்து.

1200 கிராம் எடையுள்ள லேட்டெக்ஸ் ரப்பர் பலூன், பெட்டியும் பாராசூட்டும் கயிறும் சேர்ந்து 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2.2 கிலோ தூக்கும் அளவுக்கு மட்டும் வாயு அடைத்தால் பலூன் அந்தரத்தில் நிற்கும், ஏறாது. ஏற வேண்டுமானால் எடை போக மிச்சத் தூக்கல் வேண்டும். அந்த மிச்சம் 1.2 கிலோ என்றால் மொத்தம் 3.4 கிலோ, அதற்குச் சுமார் 3.2 கன மீட்டர் ஹீலியம். இந்தப் பலூன் விநாடிக்கு 5 மீட்டர் அளவில் ஏறி, ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் வெடிக்கும். ஏற்றம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

சரி, மிச்சத்தை 400 கிராமாகக் குறைத்தால்? வெடிக்கும் உயரம் ஓரிரு கிலோமீட்டர் கூடும். ஆனால் ஏறும் வேகம் விநாடிக்கு 3.5 மீட்டருக்குக் கீழே போய்விடும். வானில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால், பெட்டியைத் தேடி இன்னொரு 60 கிலோமீட்டர் போக வேண்டும். அந்தக் கூடுதல் உயரத்துக்கு இது அதிக விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த அளவைத் துல்லியமாகப் பிடிப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. பெட்டி, பாராசூட், மிச்சத் தூக்கல் எல்லாவற்றுக்கும் சமமான எடையைப் பலூனின் கழுத்தில் தொங்கவிட்டு, வாயுவை மெல்லத் திறக்க வேண்டும். தொங்கும் எடை தரையை விட்டு எழும்பி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும் கணத்தில் வால்வை மூடிவிட வேண்டும். லேசான காற்று பட்டாலே பலூன் சாய்ந்து ஆடும், அளவு தப்பிவிடும். அதனால்தான் காற்று அடங்கிய விடியற்காலையில் அல்லது பெரிய கூடத்துக்குள் வாயு அடைக்கிறார்கள். ரப்பரில் கீறலோ எண்ணெய்ப் பிசுக்கோ படாமலிருக்கக் கையுறையும் போட்டுக்கொள்வார்கள்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, பலூன் விரிகிறது. தரையில் 2 மீட்டருக்கும் குறைவாக இருந்த விட்டம், வெடிக்கும் நேரத்தில் 8 மீட்டரைத் தாண்டும். 30 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். ரப்பர் தாங்கும் எல்லை வரை இழுபட்டு, ஒரு கட்டத்தில் துண்டு துண்டாகக் கிழிந்துவிடும்.

காற்று மெலிந்துகொண்டே போனாலும் ஏறும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. வெளிக்காற்றின் அடர்த்தி குறைகிற அதே விகிதத்தில் பலூனின் கன அளவு கூடுவதால், தூக்குவிசை மாறாமல் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு அடர்த்தியால் குறைகிறது, ஆனால் பலூனின் அகலம் கூடுவதால் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. கணக்குப்படி அடர்த்தி 64-இல் ஒரு பங்கானாலும் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கூடும். விழும் இடத்தை முன்கூட்டியே கணிக்க முடிவதற்கு இந்தச் சீரான வேகம் முக்கியக் காரணம். ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற வானிலைக் கணிப்பை எடுத்து, பலூன் அந்த அடுக்கில் இருக்கும் நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் பாதை கிடைத்துவிடும்.

இந்தக் கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான். பெட்டி செய்வதெல்லாம் அப்புறம்.

பெட்டி தெர்மோகோலில் செய்ததாக இருந்தால் போதும். குளிர் கடுமையாக இருக்கும்: 11 முதல் 20 கிலோமீட்டர் வரை சராசரியாக மைனஸ் 56 டிகிரி செல்சியஸ், வெப்பமண்டலப் பகுதிகளில் 17 கிலோமீட்டர் அருகே மைனஸ் 75-க்கும் கீழே. சாதாரண ஆல்கலைன் பேட்டரி இதில் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரிதான் சரி. ஆனால் பலர் யோசிக்காதது இதன் மறுபக்கம். 30 கிலோமீட்டரில் வெப்பத்தைச் சுமந்து செல்லக் காற்றே இல்லாததுபோல்தான். தொடர்ந்து படம் பிடிக்கும் கேமராவின் சூடு வெளியேற வழியின்றி, சுற்றிலும் மைனஸ் 45 டிகிரி இருக்கும்போதே அது சூடேறி நின்றுவிடலாம். வெப்பநிலை சென்சாரும் அங்கே ஏமாற்றும்: வெயில் நேராகப் பட்டால், காற்றின் வெப்பநிலையைவிடத் தன் சொந்தச் சூட்டையே அதிகம் காட்டும்.

ஜிபிஎஸ் கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏவுகணைகளில் பயன்படுத்துவதைத் தடுக்கப் பழைய ஏற்றுமதி விதி ஒன்று வந்தது. அதன்படி 18 கிலோமீட்டருக்கு மேலும், மணிக்கு சுமார் 1900 கிலோமீட்டருக்கு மேலும் போனால் கருவி இடம் காட்டக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் இரண்டில் ஒன்று மீறினாலே நிறுத்திவிடுவார்கள். பலூனின் வேகம் குறைவுதான் என்றாலும் உயரத்தைப் பார்த்தே கருவி ஊமையாகிவிடும். வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெடித்த பிறகு பாராசூட் உடனே பிடிப்பதில்லை. தரையில் விநாடிக்கு 5 மீட்டரில் இறக்கும் பாராசூட், 30 கிலோமீட்டரில் அதைப்போல் எட்டு மடங்கு வேகத்தில் விழும். காற்று அடர்த்தியாக ஆகத்தான் வேகம் அடங்கும்.

ஒரே ஒரு கருவிதான் வைக்க முடியும் என்றால் கேமராவைவிட, கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டரையே நான் சொல்வேன். 1912-இல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு அதிகரிப்பதைக் கண்டார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹெஸ் போன உயரத்தை மாணவர் பலூன் இருபது நிமிடத்துக்குள் தாண்டிவிடும். அங்கிருந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் அணுக்களில் மோதிப் புதிய துகள்களைச் சிதறடிக்கின்றன. அந்த உச்ச உயரத்துக்கு மேலே மோதப் போதிய காற்று இல்லை. கீழே வருவதற்குள் அந்தத் துகள்களைக் காற்று விழுங்கிவிடுகிறது. 1930-களில் இயற்பியலாளர்கள் ரெகனரும் ஃபோட்சரும் கண்டறிந்த இந்த உச்சத்தை மாணவர்கள் தங்கள் சொந்த வரைபடத்திலேயே பார்க்கலாம். இறங்கும்போதும் அதே உயரத்தில் அது வர வேண்டும். ஆனால் அப்போது பெட்டி வேகமாக விழுவதால் ஒவ்வொரு உயரத்திலும் கிடைக்கும் எண்ணிக்கை குறைவு, கோடும் கரடுமுரடாக இருக்கும். அதனால் ஏற்றத்தின் தரவையும் இறக்கத்தின் தரவையும் தனித்தனியாக வரைவது நல்லது.