ஒரே ஒரு இழுப்பு மூளையில் பிடிக்கும் இடம்

சிகரெட்டை விட்டவர் "ஒரே ஒரு இழுப்புதானே" என்று கை நீட்டுகிறார். அந்த இழுப்பு மூளையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை 2006-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆய்வாளர் ஆர்தர் பிராடியின் குழு, பெட் (PET) என்ற கதிரியக்க ஸ்கேன் வைத்து அளந்தது.

மூளை நரம்பணுக்களில் நிகோட்டின் வந்து ஒட்டும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். புகைப் பழக்கத்தில் முக்கியமானது ஆல்ஃபா4-பீட்டா2 என்ற வகை. அதே ஏற்பியில் ஒட்டும் ஒரு சேர்மத்தில் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவைக் கோத்து ஊசி வழியே ஏற்றுகிறார்கள். ஃபுளோரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம். அதனால் தயாரித்ததை நாட்கணக்கில் வைத்திருக்க முடியாது. அணு சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் பக்கத்திலேயே ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும். அப்போது இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். தலையைச் சுற்றியுள்ள உணரி வளையம் ஒரே கணத்தில் வந்து சேரும் ஜோடிகளை மட்டும் எண்ணும். இப்படி லட்சக்கணக்கான ஜோடிகளிலிருந்து ஏற்பிகளின் வரைபடம் உருவாகிறது.

இப்போது புகைத்தால், நிகோட்டின் ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்ளும். கதிரியக்கச் சேர்மத்துக்கு இடம் கிடைக்காமல் படம் மங்கும். எவ்வளவு மங்கியதோ அவ்வளவு ஏற்பிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். ஒன்றிரண்டு இழுப்பிலேயே பாதி ஏற்பிகள் நிரம்பி, சுமார் 3 மணி நேரம் அப்படியே இருந்தன. முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கு மேல் நிரம்பின. ஏக்கம் தணிந்ததும் அப்போதுதான். பாதி நிரம்பியும் மனம் அடங்காததால்தான் ஓர் இழுப்போடு நிறுத்துவது அத்தனை கடினம் என்று இந்த எண்களை வாசிக்கலாம். இதே குழு பின்னர் 0.05 மில்லிகிராம் நிகோட்டின் மட்டுமே கொண்ட சிகரெட்டைச் சோதித்தது. அதற்கும் 26 சதவீத ஏற்பிகள் நிரம்பின.

சோதனை கெடுவதற்கு வழிகள் பல. ரத்தத்தில் பழைய நிகோட்டின் மிச்சமிருந்தால் ஏற்பிகள் குறைவாக இருப்பதுபோல் பொய்க் கணக்கு வரும். அதனால் முன்கூட்டியே சில நாள் புகைக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். வாய்ச் சொல்லை நம்பாமல், ஊதும் மூச்சில் புகையிலைப் புகை விட்டுச்செல்லும் கார்பன் மோனாக்சைடையும் அளக்கிறார்கள். தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மூளையின் தலாமஸ் போன்ற சிறு பகுதிகளின் எண்கள் பக்கத்துப் பகுதியோடு கலந்துவிடும்.

விட்ட முதல் வாரத்தில் ஸ்கேன் எடுத்தால், புகைக்காதவர்களைவிட ஏற்பிகள் கூடுதலாகத் தெரியும். அத்தனையும் காலியாகக் கிடப்பதால் அந்த நாட்களின் தவிப்பு பலவீன மனத்தின் குறை அல்ல. 6 முதல் 12 வாரத்தில் அந்த எண்ணிக்கை இயல்புக்கு வருகிறது.

மதுவுக்கு இப்படி முக்கியமான ஒரே ஏற்பி கிடையாது. அது காபா, குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருட்களுக்கான ஏற்பிகள் என்று பலவற்றில் கை வைக்கும். குடியை நிறுத்தியவர்களின் காபா ஏற்பிகளை யேல் பல்கலைக்கழகத்தினர் அளந்தார்கள். முதல் வாரத்தில் அவை கூடுதலாக இருந்தன. புகைக்காதவர்களிடம் அடுத்த சில வாரங்களில் அவை இறங்கின. புகைத்துக்கொண்டே இருந்தவர்களிடம் ஒரு மாதம் ஆகியும் இறங்கவில்லை. "முதலில் குடி, பீடி சிகரெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் சிகிச்சை முறையை இதனாலேயே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.